பழைய துவக்கைப் புதுசாக்கினால் விலை கூடுமா, குறையுமா?

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட ஒரு ரைபிள் ஒருவரிடம் இருக்கிறது. எண்பது வருட எண்ணெயும் அழுக்கும் ஊறி மரம் கறுத்துப்போயிருக்கிறது. ஆங்காங்கே அடிபட்ட தழும்புகள். இரும்பின் கருமை தேய்ந்து, கை பிடித்த இடங்களில் சாம்பல் நிறம் தெரிகிறது. ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவழித்து, மரத்தை சாண்ட் பேப்பரால் தேய்த்து, வார்னிஷ் பூசி, இரும்புக்குப் புதிதாகக் கருமை ஏற்றினால் நேற்றுக் கடையில் வாங்கியது போல மினுங்கும். அப்போது அதன் விலை கூடுமா, குறையுமா?

பழைய வீட்டுக்குப் பெயின்ட் அடித்தால் விலை கூடும். பழைய சைக்கிளைத் திருத்தினாலும் கூடும். ஆனால் பழைய இராணுவ ரைபிளைப் பொறுத்தவரை சேகரிப்பாளர்களின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: குறையும், கணிசமாகக் குறையும். அழகான பொருளுக்குக் குறைந்த விலையும் அழுக்கான பொருளுக்குக் கூடிய விலையும் ஏன் என்று யோசித்தால், அது வியாபாரக் கேள்வியாக இல்லாமல் வரலாற்றுக் கேள்வியாக மாறிவிடுகிறது.

நம் வீடுகளில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்களின் முகம் மாறும். போரைக் கண்டு ஓடிவந்தவர்களுக்கு அதை ஆசையாகச் சேர்த்து வைப்பவர்களைப் புரிந்துகொள்வது கஷ்டம். ஆகவே இதைத் துவக்கைப் புகழும் கட்டுரையாக எடுக்க வேண்டாம். ஒரு பொருள் எப்படிச் சாட்சியாகிறது, நல்லது செய்வதாக நினைத்து அந்தச் சாட்சியை எப்படி அழித்துவிடுகிறோம் என்பதுதான் இங்கே விடயம்.

யாரும் மதிக்காத காலம்

1945 இல் போர் முடிந்தபோது நாடுகளின் களஞ்சியங்களில் இலட்சக்கணக்கான ரைபிள்கள் குவிந்து கிடந்தன. படைகள் தானியங்கி ஆயுதங்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய பழைய ரைபிள்கள் தேவையற்றுப் போயின. அரசுகள் அவற்றை மொத்தமாக விற்றன. இப்படி வந்தவைதான் இராணுவ உபரி ரைபிள்கள்.

அவை எவ்வளவு மலிவாக இருந்தன என்பதற்கு உலகமே அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 1963 மார்ச் மாதம் லீ ஹார்வி ஒஸ்வால்ட் என்பவர் சிக்காகோவிலிருந்த ஒரு கடையிலிருந்து இத்தாலிய இராணுவத்தின் பழைய கார்கானோ ரைபிள் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். தொலைநோக்கியோடு சேர்த்து அதன் விலை 19.95 டொலர். அதே வருடம் நவம்பரில் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டது அந்த ரைபிளால்தான் என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. 1968 இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் இந்தத் தபால் வியாபாரத்தையும் வெளிநாட்டு உபரி இறக்குமதியையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

இவ்வளவு மலிவான பொருளை யார் பாதுகாப்பார்கள்? கனடாவிலும் அமெரிக்காவிலும் விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் வாங்கி, பாரம் குறையட்டும் என்று முன்பக்க மரத்தை வெட்டி எறிந்தார்கள். குழலைக் குட்டையாக்கினார்கள், வார்னிஷ் அடித்தார்கள். பர்மிங்ஹாமிலிருந்த பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் இந்த மாற்றத்தைத் தொழிலாகவே செய்து விற்றன. அவர்கள் யாரையும் குறைசொல்ல முடியாது. அவர்களுக்கு அது மான் வேட்டைக்கான ஒரு கருவி மட்டுமே. ஆனால் அப்படி வெட்டப்பட்டவை அதிகம் என்பதால்தான், படையிலிருந்து வந்த கோலத்திலேயே தப்பிய ரைபிளுக்கு இன்று மதிப்பு. இனி ஒன்றைக்கூடப் புதிதாகச் செய்ய முடியாது, இருப்பதைக் குறைக்க மட்டுமே முடியும்.

ஒன்ராறியோ ஏரிக்கரையில் பிறந்த ஒரு ரைபிள்

ஓர் உண்மையான ரைபிளை எடுத்துப் பார்ப்போம். பிரித்தானியப் பேரரசு முழுவதும் பயன்படுத்திய லீ-என்ஃபீல்ட் ரைபிள். உங்கள் தாத்தா பாட்டி 'த்ரீ நொட் த்ரீ' என்று சொல்லிக் கேட்டிருந்தால், அவர்கள் சொன்னது இதைத்தான். .303 என்பது அதன் தோட்டாவின் அளவு. பெயரிலுள்ள 'லீ' என்பவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்கொட்லாந்தில் பிறந்து, இன்றைய ஒன்ராறியோ மாகாணத்தின் கால்ட் என்ற ஊரில் வளர்ந்தவர். 'என்ஃபீல்ட்' என்பது இலண்டனுக்கு வடக்கேயிருந்த அரச ஆயுதத் தொழிற்சாலையின் ஊர்.

இரண்டாம் உலகப் போரில் இந்த ரைபிளின் நான்காம் இலக்க வகை, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 1941 இல் முதல் ரைபிள்கள் வெளிவந்தன. போர் முடிவதற்குள் சுமார் ஒன்பது இலட்சம். உச்சக் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள், அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கட்டடம் மிசிசாகாவில் ஏரிக்கரை வீதியோரம் இன்னும் நிற்கிறது. இப்போது அது ஒரு கலை மையம். ரொறன்ரோப் பக்கம் இருப்பவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம்.

லோங் பிராஞ்ச் ரைபிள் ஒன்றைக் கையில் எடுத்தால் அது வாசிக்கக்கூடிய ஒரு பொருள் என்பது தெரியும். இடப்பக்க இரும்பில் தொழிற்சாலையின் பெயரும் செய்த வருடமும். தொடர் இலக்கத்தின் நடுவே ஆங்கில 'எல்' எழுத்து. ஆங்கில 'சி' எழுத்துக்குள் ஓர் அம்பு இருந்தால் அது கனேடிய அரசின் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு இருந்தால் பிரித்தானியப் படை அதை விற்றுவிட்டது என்று பொருள். பிரித்தானியச் சந்தைக்கு வந்திருந்தால் இலண்டன் அல்லது பர்மிங்ஹாம் பரிசோதனை நிலையத்தின் முத்திரைகளும் குழலில் இருக்கும். மரத்திலும் பரிசோதகர்களின் சின்னச் சின்ன முத்திரைகள். சிலவற்றில் யாரோ ஒரு சிப்பாய் கத்திமுனையால் கீறிய பெயரோ திகதியோ.

யார் செய்தார், யார் வைத்திருந்தார், யார் விற்றார் என்ற முழு விபரமும் மேற்பரப்பிலேயே இருக்கிறது. உள்ளே வேறு பதிவேடு கிடையாது.

தேய்க்கும்போது என்ன நடக்கிறது

மரத்தில் அடித்த முத்திரையின் ஆழம் மிகக் குறைவு. அடிபட்ட பள்ளங்கள் மறையும்வரை தேய்த்தால் அந்த முத்திரைகளும் சேர்ந்து மறையும். மரத்துக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள பொருத்தமும் கெடும். புதிதாகச் செய்தபோது மரம் இரும்பைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். தேய்த்த ரைபிளில் அது தாழ்ந்துபோகும். தெரிந்தவர் ஒருவர் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

இரும்பின் நிலையும் அதுதான். 'புளூயிங்' என்று சொல்லும் கருமை, வண்ணப்பூச்சு அல்ல. இரும்பின் மேற்பரப்பையே வேதியியல் முறையில் மக்னடைட் என்ற கறுப்பு ஒட்சைட்டாக மாற்றிய மெல்லிய படலம் அது. புதிதாகக் கருமை ஏற்ற வேண்டுமானால் பழையதை நீக்கி இரும்பை மெருகிட வேண்டும். மெருகிடும் சக்கரம் கூரான விளிம்புகளை மழுக்கும், எழுத்துகளை மங்கவைக்கும், ஆணித் துளைகளின் ஓரத்தைக் குழியாக்கும். எழுத்துகள் மங்கிக் கிடக்க, கருமை மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அந்த ரைபிள் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

இதனால் வரும் இழப்பைக் காட்ட நல்ல உதாரணம், குறிபார்த்துச் சுடுவோருக்கான லீ-என்ஃபீல்ட். தொழிற்சாலையில் மிகத் துல்லியமாகச் சுட்ட ரைபிள்களைத் தெரிந்தெடுத்து, இலண்டனிலிருந்த ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பித் தொலைநோக்கி பொருத்தினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை இப்படி மாற்றப்பட்டன. ஒவ்வொரு தொலைநோக்கியும் ஒரே ஒரு ரைபிளுக்கென்று சரிசெய்யப்பட்டது. ஆகவே அந்தத் தொலைநோக்கியின் இலக்கத்தை ரைபிளின் மரக் கழுத்தில் மேல்பக்கமாக அடித்து வைத்தார்கள். அடிப்பக்கத்தில் 'எஸ் 51' என்ற அந்த நிறுவனத்தின் குறியீடு.

போருக்குப் பின் பல ரைபிள்களும் தொலைநோக்கிகளும் தனித்தனியே விற்கப்பட்டன. மரக் கழுத்திலுள்ள இலக்கம் இருந்தால், எங்கோ தனியாகக் கிடக்கும் தொலைநோக்கி என்றாவது ஒருநாள் தன் ரைபிளிடம் திரும்பிவரலாம். மரத்தைத் தேய்த்துவிட்டால் அந்த வழி என்றென்றைக்கும் அடைபட்டுவிடும். பத்து நிமிட வேலைதான்.

விலை குறைவதற்கு இன்னொரு காரணம் சந்தேகம். சாதாரண ரைபிளில் போலி முத்திரை அடித்து அரியது என்று விற்பவர்கள் உண்டு. போலி முத்திரை அடிப்பவர், தன் கைவேலையை மறைக்க மேற்பரப்பைப் புதுப்பித்தே ஆகவேண்டும். ஆகவே நேர்மையாகப் புதுப்பித்த ரைபிளும் அந்தச் சந்தேகத்தில் மாட்டிக்கொள்கிறது. சேகரிப்பாளர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி நம்பிக்கைக்கான விலை.

படையே புதுப்பித்தால்?

இங்கேதான் விடயம் சிக்கலாகிறது. படைகள் தங்கள் ரைபிள்களை அடிக்கடி புதுப்பித்தன. போரில் அடிபட்டவற்றைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, முழுதாகக் கழற்றி, தேய்ந்த பாகங்களை மாற்றி, புதிய பூச்சுக் கொடுத்துத் திரும்ப அனுப்பினார்கள். பிரித்தானியாவில் இதற்குத் 'தொழிற்சாலை முழுத் திருத்தம்' என்று பெயர். ரைபிளின் பக்கவாட்டில் 'எஃப் டி ஆர்' என்று பொறித்தார்கள். போருக்குப் பிந்திய திருத்தங்களில் இரும்புக்குப் பொஸ்பேற்றுப் பூச்சின் மேல் தடித்த கறுப்பு எனாமல் அடித்தார்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனாலும் சேகரிப்பாளர்கள் அதைச் சுரண்ட மாட்டார்கள்.

அமெரிக்காவின் எம் 1 காரண்ட் ரைபிளை வடிவமைத்த ஜோன் காரண்ட் கியூபெக்கில் பிறந்தவர். அந்த ரைபிளின் முதல் சுமார் 50,000 வாயுவைப் பிடிக்கும் அமைப்பில் வேறுபட்டவை. பிறகு அமைப்பு மாறியது. படை பழையவற்றையும் திருப்பி அழைத்துப் புதிய முறைக்கு மாற்றியது. இதனால் மாற்றப்படாத முதல்வகைக் காரண்ட் இன்று மிக அரிது. மாற்றப்பட்ட காரண்ட்களை யாரும் கெட்டுப்போனவை என்று சொல்வதில்லை. எந்தத் திருத்தகம் செய்தது என்ற எழுத்துகள் மரத்தில் இருந்தால் அதைத் தேடி வாங்குவோரும் உண்டு.

சோவியத் ஒன்றியம் ஜெர்மன் படையிடமிருந்து பிடித்த மௌசர் ரைபிள்களைக் கழற்றி, பாகங்களைக் கலந்து திரும்பப் பூட்டி, கருமை ஏற்றி, மரத்துக்கு அரக்கு மெருகு பூசிக் களஞ்சியத்தில் வைத்தது. போல்ட்டின் இலக்கம் பொருந்தாவிட்டால் மின்பேனாவால் புதிய இலக்கத்தைக் கீறினார்கள். அந்தச் செம்மஞ்சள் அரக்குப் பளபளப்பு ஜெர்மன் தொழிற்சாலையுடையதல்ல. ஆனால் அது 'நாங்கள் வென்று கைப்பற்றினோம்' என்ற வரலாறு.

யுகோஸ்லாவியா இன்னும் ஒரு படி மேலே போனது. அந்நாட்டை ஆக்கிரமித்த ஜெர்மனியின் மௌசர்களையே எடுத்து, ஜெர்மன் முத்திரைகளை உராய்ந்து நீக்கிவிட்டு, தன் சொந்தச் சின்னத்தை அதே இடத்தில் பொறித்தது. எதிரியின் அடையாளத்தை அழித்துத் தன் பெயரை எழுதிய அந்த உராய்ப்பே ஒரு வரலாற்று ஆவணம். இன்று யாராவது யுகோஸ்லாவியச் சின்னத்தை நீக்கி ஜெர்மன் கழுகைப் 'மீட்டெடுத்தால்', அவர் ஒரு போலியைத்தான் செய்திருப்பார்.

இந்த உதாரணங்களிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ரைபிள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்த காலத்தில், அதை வேலைக்கு வைத்திருந்தவர்கள் செய்த மாற்றம் அதன் வாழ்க்கையின் ஒரு பகுதி. வேலை முடிந்தபின், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஒருவர் செய்யும் மாற்றம் அந்த வாழ்க்கையின் மேல் பூசும் பூச்சு. இரண்டும் ஒரே சாண்ட் பேப்பரால் செய்யப்பட்டிருக்கலாம். யார், எப்போது, ஏன் என்பதில்தான் வேறுபாடு.

விலைக்கும் அப்பால்

சில முத்திரைகளை இழப்பது பண நட்டத்தோடு நிற்பதில்லை. கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூர் தொழிற்சாலையில் பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் பல லீ-என்ஃபீல்ட்களின் குழலை அகலப்படுத்தி .410 அளவுக்கு மாற்றினார்கள். ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டுமே போடலாம். படையின் .303 தோட்டா இந்தக் குழலுக்கு உதவாது. பொலிசுக்கும் காவலாளிகளுக்கும் கொடுக்கப்பட்டவை இவை. தான் ஆயுதம் கொடுத்த ஆட்களையே முழுதாக நம்பாத ஓர் ஆட்சியின் அச்சம் அந்தக் குழலில் இருக்கிறது. அப்படி ஒன்றைத் 'திருத்தி' வழக்கமான .303 போலத் தோன்றவைத்தால், காலனித்துவம் எப்படி நடந்தது என்பதற்கான ஒரு சாட்சி போய்விடும்.

மற்றொன்று 'டி பி' என்ற முத்திரை. அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று பொருள். தேய்ந்துபோன, சுடுவதற்குப் பாதுகாப்பில்லாத ரைபிள்களுக்கு இதை மரத்திலும் இரும்பிலும் அடித்து, மாணவர் படைகளுக்குக் கொடுத்தார்கள். மரத்தைத் தேய்த்து இரும்பை மெருகிட்டு அந்த எழுத்துகளை மறைத்துவிட்டால், அடுத்து வாங்குபவர் அதில் தோட்டா போட்டுச் சுடலாம். அவருடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிப்பு நடக்கும். மேற்பரப்பில் இருப்பது வெறும் அழுக்கு என்று நினைப்பதன் விலை சில சமயம் இதுதான்.

புதுப்பித்தால் நட்டமில்லாத இடங்கள்

எல்லா ரைபிளுக்கும் ஒரே விதி சொல்ல முடியாது. அறுபதுகளில் வேட்டைக்காக வெட்டிக் குட்டையாக்கிய ரைபிளில் சேகரிப்பு மதிப்பு ஏற்கனவே போய்விட்டது. அதை உரிமையாளர் விரும்பியபடி மெருகிடலாம். துரு ஆழமாக அரித்துவிட்ட ரைபிளுக்கும் அப்படியே. யாரோ ஏற்கனவே தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்ட மரத்தை மீண்டும் ஆளிவிதை எண்ணெய்க்கு மாற்றினால் பெரும்பாலும் நட்டமில்லை. வெட்டப்பட்ட ரைபிளுக்குச் சரியான காலத்து மரத்தைத் தேடிப் பொருத்தித் திரும்பவும் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவோரும் உண்டு. விற்கும்போது அதைச் சொல்லி விற்றால் அது நேர்மையான வேலை.

'ஆனால் இது ஊரெல்லாம் கிடைக்கிற வகைதானே' என்ற வாதத்தை மட்டும் கவனமாக எடுக்க வேண்டும். ரஷ்யாவின் மோசின்-நகான்ட் ரைபிள்கள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டவை. 2000களில் அமெரிக்காவில் அவை நூறு டொலருக்கும் குறைவாகக் கிடைத்தன. 'இதற்கு என்ன மதிப்பு' என்று பலர் விளையாட்டாக வெட்டியும் மெருகிட்டும் பார்த்தார்கள். பிறகு இறக்குமதி வற்றியது, விலை பல மடங்கு ஏறியது. 1960களில் லீ-என்ஃபீல்ட்டுக்கு நடந்ததும் இதேதான்.

சுத்தம் செய்வது வேறு

தொடாமல் துருப்பிடிக்க விடுவதுதான் பாதுகாப்பு என்று யாரும் சொல்லவில்லை. அருங்காட்சியகங்களின் பொது விதி: முடிந்தவரை குறைவாகச் செய், செய்ததைத் திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய். படிந்த பழைய கிறீஸை மென்மையான கரைப்பானால் துடைக்கலாம், அது திரும்ப எடுக்கக்கூடிய படிவு. செந்துருவை எண்ணெய் போட்டு மெதுவாக நீக்கலாம், அது இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். மரத்துக்குப் படைகள் பயன்படுத்திய பச்சை ஆளிவிதை எண்ணெயை மிகக் கொஞ்சமாகப் பூசலாம். அதற்கு மேலே ஒரு மெல்லிய மெழுகு. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆய்வுகூடத்தில் இதற்கென்றே உருவான 'ரெனசான்ஸ்' மெழுகைச் சேகரிப்பாளர்களும் வாங்குகிறார்கள். சாண்ட் பேப்பர், கம்பிச் சக்கரம், அடுப்புக் கழுவும் இரசாயனம் ஆகிய மூன்றையும் எடுத்த நிமிடத்தில் சுத்தம் முடிந்து அழிப்புத் தொடங்குகிறது.

இன்னொன்று. எந்த நாட்டில் இருந்தாலும் உரிமம் இல்லாமல் துவக்கைக் கையில் எடுக்கக்கூடாது. வாங்கிய வீட்டின் நிலக்கீழ் அறையில் பழைய துவக்கு ஒன்று கிடந்தால், அதைத் தொடாமல் பொலிசுக்கு அறிவிப்பதுதான் முதல் வேலை.

கடைசியாக ஒரு பயணம்

1947 இல் கனடா தன் வடபகுதிகளைக் கண்காணிக்க 'கனேடியன் ரேஞ்சர்ஸ்' என்ற பிரிவை அமைத்தது. அதில் இனுயிட் மக்களும் மற்றப் பூர்வகுடியினரும் நிறையப் பேர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இதே நான்காம் இலக்க லீ-என்ஃபீல்ட். உறைபனியில் பல நவீன ஆயுதங்கள் இறுகிப்போக, இந்தப் பழைய ரைபிள் வேலை செய்தது. பனிக்கரடியிடமிருந்து காத்துக்கொள்ள அது தேவைப்பட்டது. எழுபது வருடத்துக்கும் மேலாக அது அவர்கள் கையில் இருந்தது. அண்மையில்தான் புதிய ரைபிள் வந்தது. பழையதை விரும்பியவர்கள், உரிமம் இருந்தால், தாங்களே வைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது.

இப்போது லோங் பிராஞ்ச் ரைபிள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஏரிக்கரைத் தொழிற்சாலையில் ஒரு பெண் பூட்டி அனுப்பியது. பரிசோதகர் முத்திரை அடித்தார். படை திருத்தியது. பிறகு ஆர்க்டிக் பனியில் ஸ்லெட்ஜில் கட்டி இழுபட்டு, மரம் கீறல் விழுந்து, கையுறை பட்டுப் பட்டுக் கருமை தேய்ந்தது. அதை வாங்குபவர் ஒரு சனிக்கிழமையில் இவை எல்லாவற்றையும் தேய்த்து அழகாக்கிவிடலாம். அப்போது அவரிடம் இருப்பது நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய ரைபிள். முந்தைய நாள்வரை அதில் எழுபது, எண்பது வருட மனிதர்கள் இருந்தார்கள்.